ரமேஷ் கிருஷ்ணன்

ரமேஷ் கிருஷ்ணன் (பிறப்பு: ஜூன் 5, 1961, சென்னை) தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர் ஆவார். 1979-ஆம் ஆண்டில் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் ஆகிய இரண்டு போட்டிகளிலும் இளையோர் ஒற்றையர் பட்டத்தை வென்று உலக இளையோர் தரவரிசையில் முதலிடம் பெற்றார். பின்னர் 1981 முதல் 1990 வரையிலான காலத்தில் உலகச் சுற்றுப் போட்டிகளில் எட்டு ஒற்றையர் பட்டங்களை வென்றார். கிராண்ட் சிலாம் போட்டிகளில் மூன்று முறை கால் இறுதியை எட்டினார். 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடத்தைப் பிடித்ததே இவர் அடைந்த மிக உயர்ந்த நிலையாகும். 1987-இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் முதன்மைப் பங்கு வகித்தார். 1950களிலும் 1960களிலும் புகழ்பெற்று விளங்கிய டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் இவருடைய தந்தையார் ஆவார்.

வேகமும் உடல்வலுவும் டென்னிஸ் ஆட்டத்தை ஆட்கொண்ட காலத்தில், அவ்விரண்டும் அதிகம் இல்லாமலேயே உலகின் முன்னணி வீரர்களுக்கு ஈடுகொடுத்தவர் என்பதே ரமேஷ் கிருஷ்ணனின் தனித்தன்மை. இவருடைய வெற்றிகளையும் தோல்விகளையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தாலன்றி இவரது இடம் சரியாக விளங்காது.

குடும்பப் பின்னணி

ரமேஷ் கிருஷ்ணனின் குடும்பத்தில் டென்னிஸ் மூன்று தலைமுறையாக வழங்கி வந்த ஆட்டமாகும். பாட்டனார் டி. கே. ராமநாதன் தாமே ஓர் ஆட்டக்காரர். தம் மகன் கிருஷ்ணனுக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவரே. நாகர்கோவிலில் 1937-இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறினார். முதல் ஆண்டில் நீல் பிரேசரிடமும் அடுத்த ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டில் பட்டம் வென்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1962-இல் நான்காம் தரநிலை அளிக்கப்பட்டுக் களமிறங்கிய கிருஷ்ணன், கணுக்கால் காயத்தால் இடையிலேயே விலக நேர்ந்தது.

தந்தையின் காலமும் மகனின் காலமும் அமைப்பிலேயே வேறுபட்டவை. 1968 வரை விம்பிள்டன் உள்ளிட்ட பெரும் போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. பணத்திற்காக ஆட ஒப்பந்தம் செய்துகொண்டவர் அப்போட்டிகளையும் டேவிஸ் கோப்பையையும் ஒருங்கே இழப்பார். தொழில்முறைச் சுற்றை நடத்திவந்த அமெரிக்கரான ஜாக் கிராமர், ராமநாதன் கிருஷ்ணனுக்கு ஒப்பந்தம் ஒன்றை அளிக்க முன்வந்தார். நாட்டுக்காக ஆடுவதையே விரும்பிய கிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. 1966-இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியை எட்டியதில் அவருக்கே பெரும்பங்கு உண்டு. அவ்வாண்டு கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான போட்டியில், தாமஸ் காக்கிடம் 1-2 என்ற செட் கணக்கில் பின்தங்கியிருந்து பின்னர் மீண்டு அவர் வென்றது இந்திய டென்னிஸ் வரலாற்றில் இன்றளவும் பேசப்படும் ஆட்டமாகும். மெல்போர்னில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியா 1-4 என்ற கணக்கில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

மகன் ரமேஷ் ஆட வந்தபோது இந்தத் தடைகள் யாவும் நீங்கிவிட்டன. தொழில்முறை வீரர்கள் எல்லாப் போட்டிகளிலும் ஆடலாம். பரிசுத் தொகை வெளிப்படையாக வழங்கப்பட்டது. 1973 முதல் கணிப்பொறி வழியாகத் தரவரிசை கணக்கிடப்பட்டது. எனினும் இந்தச் சுதந்திரம் புதியதொரு நெருக்கடியையும் கொண்டு வந்தது. வாரந்தோறும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தரையில் ஆடிப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் ஓய்ந்திருந்தாலும் தரவரிசை சரியும். அக்காலத்தில் சென்னையிலிருந்து புறப்படும் ஓர் ஆட்டக்காரருக்கு இது எளிய வாழ்க்கை அன்று. பெரும்பாலான போட்டிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தன. ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழிப்பது தவிர்க்க இயலாததாயிற்று.

இளையோர் போட்டிகள்

1979 ஜூன் மாதத்தில் பாரிசின் களிமண் தரையில் நடைபெற்ற பிரெஞ்சு ஓப்பன் இளையோர் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் பென் டெஸ்டர்மனை எதிர்கொண்ட ரமேஷ், முதல் செட்டை 2-6 என இழந்தபின் 6-1, 6-0 என அடுத்த இரண்டு செட்களையும் கைப்பற்றினார். சில வாரங்களிலேயே விம்பிள்டன் புல்தரையில் டேவிட் சீக்லரை 6-0, 6-2 என எளிதில் வென்று பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 18. களிமண், புல் என முற்றிலும் மாறுபட்ட இரண்டு தரைகளில் ஒரே பருவத்தில் இவ்வாறு வென்றது, அவரது ஆட்டத்தின் அடித்தளம் எவ்வளவு சீராக அமைந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

தந்தை வென்ற அதே விம்பிள்டன் இளையோர் பட்டத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மகனும் வென்றது பத்திரிகைகளில் பெரிதும் எழுதப்பட்டது. இந்தப் புகழ் ஒருவகையில் சுமையாகவும் அமைந்தது எனலாம். தொழில்முறை வாழ்க்கை முழுவதும் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் தந்தையின் சாதனைகளோடு ஒப்பிடப்பட்டன. விம்பிள்டன் அரையிறுதியைத் தந்தை இருமுறை எட்டியவர், மகனோ ஒருமுறை கால் இறுதியோடு நின்றவர் என்ற கணக்கு அடிக்கடி எடுத்துக் கூறப்படுவதுண்டு. ஆனால் தந்தை ஆடிய காலத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுள் பலர் தொழில்முறைச் சுற்றுக்குச் சென்றுவிட்டதால் விம்பிள்டனில் ஆட இயலவில்லை. மகனின் காலத்தில் அனைவரும் எதிரே நின்றனர். ஆகவே இந்த ஒப்பீடு முழுதும் நியாயமானதன்று.

தொழில்முறைச் சுற்றில்

1981-ஆம் ஆண்டு ரமேஷ் கிருஷ்ணனுக்குத் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு மணிலாவில் தம் முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவ்வாண்டின் அமெரிக்க ஓப்பனில் கால் இறுதிக்கு முன்னேறி, விம்பிள்டனில் அப்போதுதான் பட்டம் வென்றிருந்த ஜான் மெக்கன்ரோவைச் சந்தித்தார். இருபது வயதே ஆன ரமேஷ் முதல் செட்டை டை-பிரேக்கில் வென்றார். இரண்டாம் செட்டும் டை-பிரேக் வரை நீண்டது. அதை மெக்கன்ரோ வென்றபின் ஆட்டத்தின் போக்கு மாறியது. முடிவில் 7-6, 6-7, 4-6, 2-6 என ரமேஷ் தோற்றார். மெக்கன்ரோ அப்போட்டியின் இறுதியாட்டத்தில் பியோன் போர்க்கை வென்று பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு, 1982-இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடைபெற்ற போட்டியில் ரமேஷ் பட்டம் வென்றார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் சாண்டி மேயரை 5-7, 6-3, 6-3, 7-6 என வீழ்த்தினார். இது களிமண் தரையில் பெற்ற வெற்றி. இந்திய ஆட்டக்காரர்கள் புல்தரையில் மட்டுமே சிறப்பார்கள் என்ற பொதுக் கருத்துக்கு இது மாறானது. நீண்ட நேரம் பந்தைத் திருப்பி அடித்துக்கொண்டே இருக்க வேண்டிய களிமண்ணில், மெல்லிய உடல்வாகு கொண்ட ஓர் இந்தியர் ஐரோப்பியப் போட்டியொன்றை வெல்வது அன்று எளிதில் எதிர்பார்க்கப்பட்டதன்று.

1984-இல் பிரான்சின் மெட்ஸ் நகரில் ஸ்வீடனின் யான் குன்னார்சனை 6-3, 6-3 என வென்று மூன்றாவது பட்டத்தைப் பெற்றார். இதனைத் தொடர்ந்து 1985 ஜனவரியில் தரவரிசையில் 23-ஆம் இடத்தை அடைந்தார். கணிப்பொறித் தரவரிசை தொடங்கிய பின்னர் ஒற்றையர் பிரிவில் இந்திய ஆடவர்களுள் விஜய் அமிர்தராஜுக்கு அடுத்தபடியாக இவரே உயர்ந்த இடத்தைப் பெற்றவர். இவருக்குப் பின் வந்த லியாண்டர் பயஸ் 1998-இல் 73-ஆம் இடத்தையும், சோம்தேவ் தேவ்வர்மன் 2011-இல் 62-ஆம் இடத்தையும் எட்டினர். இந்த எண்களோடு ஒப்பிட்டால் 23 என்பதன் பொருள் விளங்கும்.

1986-ஆம் ஆண்டு மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்று. டோக்கியோவில் யோஹான் கார்ல்சனை 6-3, 6-1 என வென்றார். ஹாங்காங்கில் ஈக்வடாரின் ஆந்திரேஸ் கோமஸை 7-6, 6-0, 7-5 என நேர்செட்களில் வீழ்த்தினார். கோமஸ் பின்னர் 1990-இல் பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை வென்றவர். அதே 1986-இல் விம்பிள்டனில் கால் இறுதியை எட்டினார் ரமேஷ். அங்கே யூகோஸ்லாவியாவின் ஸ்லோபடான் சிவோயினோவிச்சைச் சந்தித்தார். ஆறடிக்கும் மேல் உயரமும் இடிபோன்ற சர்வீசும் கொண்ட சிவோயினோவிச் வென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் மீண்டும் கால் இறுதிக்கு வந்து ஸ்வீடனின் ஸ்டெபான் எட்பர்கிடம் நேர்செட்களில் தோற்றார்.

பிற்காலப் பட்டங்களுள் இரண்டு நியூசிலாந்தில் கிடைத்தவை. 1988-இல் வெலிங்டனில் சோவியத் ஒன்றியத்தின் ஆந்திரே செஸ்னோகோவையும், 1989-இல் ஆக்லாந்தில் இஸ்ரேலின் ஆமோஸ் மான்ஸ்டார்ப்பையும் இறுதியாட்டங்களில் வென்றார். எட்டாவதும் இறுதியானதுமான பட்டம் 1990-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஸ்கெனெக்டடி நகரில் கிடைத்தது. அங்கு நியூசிலாந்து வீரர் கெல்லி எவர்ண்டனை வென்றார்.

ஆட்டமுறை

ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் முதலில் குறிப்பிடுவது அவரது சர்வீசின் மென்மையையே. உலகின் முன்னணி வீரர்களுள் மிக மெதுவாகச் சர்வீஸ் செய்தவர்களில் இவரும் ஒருவர். டென்னிசில் சர்வீஸ் ஒன்றுதான் எதிராளியின் தலையீடு இல்லாமல் ஆட்டக்காரர் தாமாக ஆடும் அடியாகும். அதில் எளிதாகப் புள்ளி பெற இயலாதவர், ஒவ்வொரு புள்ளிக்கும் உழைத்தாக வேண்டும். எதிராளி தம் சர்வீசில் ஒரு நிமிடத்தில் முடிக்கும் கேமை ரமேஷ் நான்கைந்து நிமிடம் போராடிப் பெற வேண்டியிருந்தது. இந்தக் குறை அவரது வாழ்க்கை முழுவதும் நீங்கவில்லை.

அதற்கு ஈடாக அவரிடம் இருந்தவை மூன்று. முதலாவது, பந்தை மிக முன்கூட்டியே எடுக்கும் திறன். பந்து தரையில் பட்டு மேலெழும் கணத்திலேயே மட்டையை வைத்து அடித்துவிடுவார். இதனால் எதிராளிக்குத் தம் இடத்திற்குத் திரும்ப நேரம் கிடைப்பதில்லை. வேகமாக அடிக்காமலேயே ஆட்டத்தை வேகப்படுத்தும் வழி இது. இரண்டாவது, எதிராளியின் வேகத்தையே பயன்படுத்திக்கொள்ளும் கை. பந்து எவ்வளவு விசையோடு வருகிறதோ அவ்விசையைச் சற்றே திசைதிருப்பி, கோட்டோரமாகவோ குறுக்காகவோ அனுப்பிவிடுவார். எனவே பலமாக அடிப்பவர்களைவிட, வேகம் கொடுக்காமல் சுழற்சியோடு உயரமாகப் பந்தை அனுப்புபவர்களே அவருக்குத் தொல்லை தந்தனர். மூன்றாவது, வலையருகே நின்று ஆடும் நுட்பம். தாழ்ந்து வரும் பந்தையும் காலடியில் விழும் பந்தையும் (இதனை ஹாஃப் வாலி என்பர்) மணிக்கட்டின் சிறு அசைவால் எடுத்து எதிர்ப்பக்கத்தில் வைப்பார். இது தந்தையிடமிருந்து வந்த சொத்து என்பது இருவரின் ஆட்டத்தையும் கண்டவர்களின் கருத்து.

புல்தரையில் பந்து தாழ்வாகவும் வழுக்கியும் வரும். அதிக வீச்சு இல்லாத, சுருக்கமான அடிகளைக் கொண்ட இவருக்கு அது உகந்ததாக இருந்தது. உயரமாகத் துள்ளும் தரைகளில் தோளுயரத்தில் வரும் பந்தை அடிக்க வேண்டியிருந்ததால் சிரமம் கூடியது.

இவர் ஆட வந்த காலம் மட்டைகள் மாறிய காலமாகும். 1970களின் இறுதிவரை முன்னணி வீரர்களில் பலர் மரத்தாலான சிறிய தலையுடைய மட்டைகளையே பயன்படுத்தினர். மெக்கன்ரோ 1981-இல் விம்பிள்டன் பட்டத்தை மர மட்டையால்தான் வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் கிராபைட் கலந்த, எடை குறைந்த, தலை பெரிதான மட்டைகள் பரவின. மர மட்டையில் பந்து நடுவில் பட்டால்தான் அடி சரியாக அமையும். அதில் கைத்திறனுக்கு மதிப்பு அதிகம். புதிய மட்டைகளிலோ பந்து சற்று விலகிப் பட்டாலும் விசை குறைவதில்லை. ஆகவே முழு வலுவோடு வீசி அடிப்பது துணிவான செயலாக இல்லாமல் வழக்கமான செயலாகிவிட்டது. 1985-இல் பதினேழு வயதான ஜெர்மனியின் போரிஸ் பெக்கர் தம் சர்வீசின் வலுவால் விம்பிள்டன் பட்டத்தை வென்றது இந்த மாற்றத்தின் அடையாளமாக அமைந்தது. ரமேஷ் கிருஷ்ணனைப் போன்ற நுண்ணாட்டக்காரர்களின் வழி இதன்பின் மேலும் குறுகியது. அவருடைய மிகச் சிறந்த வெற்றிகளுள் சில இந்த மாற்றத்திற்குப் பின்னர் வந்தவை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

களத்தில் அவர் மிக அமைதியானவர். மெக்கன்ரோ, ஜிம்மி கானர்ஸ் போன்றோர் நடுவர்களோடு வாதிடுவது அன்றாடச் செய்தியாக இருந்த நாட்களில், முகத்தில் எவ்வித மாற்றமும் காட்டாமல் அடுத்த புள்ளிக்கு ஆயத்தமாவது இவர் வழக்கம்.

1987 டேவிஸ் கோப்பை

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கிடையிலான ஆடவர் அணிப் போட்டியாகும். ரமேஷ் ஆடிய காலத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று நாட்களில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் நடைபெற்றன. மூன்று ஆட்டங்களை வெல்லும் அணி முன்னேறும். 1981 முதல் முதல்நிலை நாடுகள் பதினாறும் உலகப் பிரிவு என்ற ஒன்றில் ஆடின. இந்தியா அதற்குமுன் இருமுறை இறுதியை எட்டியிருந்தது. 1966-இல் தோற்றது. 1974-இல் எதிரணியான தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் கொள்கையை எதிர்த்து ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது.

1987-இல் இந்திய அணியின் தூண்கள் மூவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள்: ரமேஷ் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ். அமிர்தராஜ் சகோதரர்கள் இருவரும் முப்பது வயதைக் கடந்திருந்தனர். முதல் சுற்றில் தில்லியின் புல்தரையில் அர்ஜென்டினாவை இந்தியா 3-2 என வென்றது. அதில் விஜய் அமிர்தராஜ் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு மார்ட்டின் ஹைட்டேயை வென்றது பெரிதும் பேசப்பட்டது. அடுத்து இஸ்ரேலை 4-0 என வென்றது. அந்நாட்டோடு இந்தியாவுக்கு முழுமையான தூதரக உறவு அப்போது இல்லை. அது 1992-இல்தான் ஏற்பட்டது. எனவே இஸ்ரேல் அணி தில்லிக்கு வந்து ஆடியது விளையாட்டுக்கு அப்பாலும் கவனம் பெற்றது.

அரையிறுதி அக்டோபர் மாதம் சிட்னியில் நடைபெற்றது. எதிரணி ஆஸ்திரேலியா முந்தைய ஆண்டின் கோப்பையை வென்ற அணி. சொந்த ஊர், பழகிய புல்தரை, தங்கள் ரசிகர்கள் என எல்லாம் அவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. இந்தியா வெல்லும் என எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே. ரமேஷ் முதல் ஒற்றையர் ஆட்டத்தில் ஜான் பிட்ஸ்ஜெரால்டை வென்றார். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரு அணிகளும் 2-2 எனச் சமநிலையில் இருந்தன. ஐந்தாவது, முடிவை நிர்ணயிக்கும் ஆட்டத்தில் ரமேஷ் வாலி மசூரைச் சந்தித்தார்.

அப்போது டேவிஸ் கோப்பையில் டை-பிரேக் முறை இல்லை. 1989-இல்தான் அது புகுத்தப்பட்டது. ஆகவே 6-6 ஆனாலும் இரண்டு கேம் வேறுபாடு வரும்வரை செட் தொடரும். முதல் செட் அவ்வாறே நீண்டு 8-6 என ரமேஷ் வசமானது. அடுத்த இரண்டையும் 6-4, 6-4 என வென்று ஆட்டத்தை முடித்தார். இந்தியா மூன்றாவது முறையாக இறுதிப் போட்டியை அடைந்தது. அந்நிய மண்ணில், ஒரு நாட்டின் வாய்ப்பு முழுவதும் ஒருவர் கையில் இருக்கும் நிலையில், ஒரு செட்டையும் இழக்காமல் ஆடிய இந்த ஆட்டமே அவரது வாழ்க்கையின் சிறந்த ஆட்டம் எனக் கருதுவோர் பலர். தந்தை கல்கத்தாவில் 1966-இல் காக்கை வென்றதற்கு மகன் சிட்னியில் ஈடு செய்தார் என்றும் கூறப்படுவதுண்டு.

இறுதிப் போட்டி டிசம்பர் மாதம் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்தது. போட்டியை நடத்தும் நாடே தரையைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதிப்படி ஸ்வீடன் உள்ளரங்கத்தில் களிமண் தரையை அமைத்தது. புல்லில் பழகிய இந்திய அணிக்கு அதைவிடப் பாதகமான தரை வேறில்லை. முதல் நாளில் மாட்ஸ் விலாண்டர் 6-4, 6-1, 6-3 என ரமேஷை வென்றார். ஆண்டர்ஸ் யாரிட் விஜய் அமிர்தராஜை வென்றார். முடிவில் ஸ்வீடன் 5-0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியை எட்டியதில்லை.

விலாண்டரை வென்ற ஆட்டம்

கோத்தன்பர்க் தோல்விக்குப் பின் பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1989 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பனின் இரண்டாவது சுற்றில் ரமேஷும் விலாண்டரும் மீண்டும் எதிரெதிரே நின்றனர். இடைப்பட்ட காலத்தில் விலாண்டர் உலகின் முதல்நிலை வீரராக உயர்ந்திருந்தார். 1988-இல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்கப் பட்டங்கள் மூன்றையும் அவரே வென்றிருந்தார். மெல்போர்னில் நடப்பு வாகையாளரும் அவரே.

இம்முறை தரை களிமண் அன்று. மெல்போர்னின் புதிய அரங்கில் இடப்பட்டிருந்த கடினத்தரை. விலாண்டர் பின்கோட்டில் நின்று தவறே செய்யாமல் பந்தைத் திருப்பி அனுப்பி எதிராளியைக் களைப்படையச் செய்பவர். அவரை எதிர்த்துப் பொறுமையாக ஆடினால் தோல்வி உறுதி. ரமேஷ் 6-3, 6-2, 7-6 என நேர்செட்களில் வென்றார். உலகின் முதல்நிலை வீரரைக் கிராண்ட் சிலாம் போட்டியொன்றில் ஓர் இந்தியர் இவ்வாறு வென்றது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. அப்போட்டியின் பட்டத்தை இவான் லெண்டில் வென்றார். விலாண்டரிடமிருந்து முதலிடமும் அவர் வசம் சென்றது. விலாண்டர் அதன்பின் மீண்டும் முதலிடத்தைப் பெறவில்லை. கிராண்ட் சிலாம் ஒற்றையர் பட்டமும் அவருக்கு அதன்பின் கிட்டவில்லை.

இறுதி ஆண்டுகள்

1990களின் தொடக்கத்தில் ரமேஷ் முப்பது வயதை எட்டியபோது இந்திய டென்னிசில் அடுத்த தலைமுறை உருவாகியிருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த லியாண்டர் பயஸ், சென்னையிலுள்ள அமிர்தராஜ் பயிற்சி நிலையத்தில் பயின்றவர். 1990-இல் அவரும் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1954, 1979, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்ற இந்தியர்கள் மூவரும் ஏதோ ஒரு வகையில் சென்னையோடு தொடர்புடையவர்களே.

1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் 31 வயதான ரமேஷும் 19 வயதான பயசும் இரட்டையர் பிரிவில் இணைந்து ஆடினர். ஆஸ்திரேலியாவின் வலிமையான இணையான ஜான் பிட்ஸ்ஜெரால்டு, டாட் வுட்பிரிட்ஜ் ஆகியோரை வென்று கால் இறுதிக்கு முன்னேறினர். அங்கு குரோவேசியாவின் கோரான் இவானிசெவிச், கோரான் பெர்பிச் இணையிடம் தோற்றனர். டென்னிசில் அரையிறுதியில் தோற்பவர்களுக்கும் அவ்வாண்டு வெண்கலப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆகவே இன்னும் ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும். பயஸ் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலத்தை வென்றார்.

1993 டேவிஸ் கோப்பையில் ரமேஷும் பயசும் இந்தியாவை மீண்டும் ஒருமுறை அரையிறுதிக்கு அழைத்துச் சென்றனர். சுவிட்சர்லாந்தைக் கல்கத்தாவில் வென்றபின், பிரான்சை அதன் சொந்த மண்ணில், பிரெஜுஸ் நகரின் களிமண் தரையில் 3-2 என வென்றனர். பிரான்சு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கோப்பையை வென்றிருந்தது. சண்டிகரில் நடந்த அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றது. அவ்வாண்டே ரமேஷ் கிருஷ்ணன் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். டேவிஸ் கோப்பையில் மொத்தம் 29 வெற்றிகளும் 21 தோல்விகளும் அவர் கணக்கில் உள்ளன. இவற்றுள் ஒற்றையர் ஆட்டங்களில் 23 வெற்றிகளும் 19 தோல்விகளும், இரட்டையர் ஆட்டங்களில் 6 வெற்றிகளும் 2 தோல்விகளும் அடங்கும்.

ஓய்வுக்குப் பின்

ஓய்வு பெற்றபின் ரமேஷ் கிருஷ்ணன் சென்னையிலேயே தங்கி, தந்தையுடன் சேர்ந்து இளைஞர்களுக்கு டென்னிஸ் பயிற்சி அளிக்கும் பணியில் ஈடுபட்டார். தந்தையும் மகனும் பத்திரிகையாளர் நிர்மல் சேகருடன் இணைந்து தங்கள் குடும்பத்தின் டென்னிஸ் வரலாற்றை எழுதிய ஆங்கில நூல் 1999-இல் வெளிவந்தது. 2007-இல் இந்திய டேவிஸ் கோப்பை அணியின் ஆடாத தலைவராகவும் பொறுப்பேற்றார்.

இந்திய அரசு இவருக்கு அருச்சுனா விருதும், 1998-இல் பத்மசிறீ விருதும் வழங்கிச் சிறப்பித்தது. தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1962-இல் பத்மசிறீ விருதையும் 1967-இல் பத்ம பூசண் விருதையும் பெற்றவர்.